எஃப்.ஏ. தேறாத ஆராய்ச்சி மாணவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22-ஆம் நாள் நம் கணிதத் துறை வாசலில் ஒரு படத்துக்கு மாலை இடுகிறோம். 2012 முதல் நாடெங்கும் அந்த நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. படத்தில் இருப்பவர் சீனிவாச இராமானுஜன் என்பதும், அவர் கும்பகோணத்துக்காரர் என்பதும், இலண்டனில் ஒரு வாடகைக்காரின் எண்ணைப் பற்றி வியக்கத்தக்க ஒன்றைச் சொன்னார் என்பதும் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. அந்த வாடகைக்கார் கதையை நான் இங்கே மறுபடியும் சொல்லப் போவதில்லை. நம் பாடநூல்கள் அவசரமாகத் தாண்டிச் செல்கிற இடம் ஒன்று உண்டு. அவர் கல்லூரித் தேர்வில் தோற்றார் என்று ஒரு வாக்கியம் இருக்கும். அடுத்த வாக்கியத்தில் அவர் கேம்பிரிட்ஜில் இருப்பார். இடையில் என்ன நடந்தது? தோற்றுப்போன ஒருவரை எந்தப் பல்கலைக்கழகம், எந்த விதியின்படி, யார் சொல்லிச் சேர்த்துக்கொண்டது?

இது எனக்குப் பொழுதுபோக்கான கேள்வி அன்று. நான் மரக்காணத்தைச் சேர்ந்தவன். என் தந்தையார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எங்கள் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து படிப்பவர்கள் பலருக்குக் கணக்குத் தாளில் நல்ல மதிப்பெண் இருக்கும். ஆங்கிலத் தாள் காலை வாரிவிடும். மூன்றாம் ஆண்டின் முடிவில் மொத்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு எம்.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்கவே கூசுவார்கள். வீட்டில் படித்தது போதும் என்பார்கள். அப்படி நின்றுவிட்ட அண்ணன் ஒருவர் இன்று உப்பு லாரிகளுக்கு மூட்டைக் கணக்கு எழுதுகிறார். வகைநுண்கணிதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் ஊரில் இப்போதும் சொல்லுவார்கள். ஆகவே இராமானுஜனின் வாழ்க்கையை அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன். படித்ததை நண்பர்களுக்குச் சொல்லுகிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவு. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறிது வருமானம் சேர்ப்பார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வீடு. பள்ளிப் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராக வந்தார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசு மேல் பரிசாக வாங்கினார். 1904-இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசும் அவருக்கே கிடைத்தது. பள்ளிக்கூடம் இருந்தவரை அவர் வெற்றி பெற்ற மாணவர். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

மெட்ரிகுலேஷன் தேர்வுக்குச் சற்று முன்னதாக, 1903-இல், அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. ஏறத்தாழ 5000 தேற்றங்களும் வாய்பாடுகளும் வரிசையாக எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. பல இடங்களில் இல்லவே இல்லை. வேறொருவர் கையில் அகப்பட்டிருந்தால் அது மனப்பாடம் செய்கிற புத்தகமாகவே இருந்திருக்கும். இராமானுஜனோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றை நிறுவும்போது அதிலிருந்து புதிதாக இரண்டு முளைக்கும். அவற்றின் பின்னால் போவார். காகிதம் விலை அதிகம் என்பதால் எல்லாம் கற்பலகையில்தான். எழுதுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். முடிவு இருக்கும், வழி இராது. இந்தப் பழக்கம் பின்னால் அவருக்கு எவ்வளவு தடையாயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். பி.ஏ.வுக்குப் போவதற்கு முன் இரண்டாண்டு படிக்க வேண்டிய வகுப்பு அது. கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு ஆகியவையும் பாடங்கள். எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. கணிதத்தில் எவ்வளவு வாங்கினாலும் மற்றொன்றில் விழுந்தால் விழுந்ததுதான். வரலாற்று வகுப்பில் உட்கார்ந்து அவர் தொடர்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். தகப்பனாரின் ஒன்றரை மாதச் சம்பளம். தாயார் கல்லூரி முதல்வரிடம் சென்று முறையிட்டும் பயனில்லை. சில மாதங்கள் தாக்குப்பிடித்த இராமானுஜன் 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பிள்ளையைக் காணவில்லை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. திரும்பி வந்தபோது வருகைப் பதிவு போதவில்லை.

பதினேழு வயதுப் பையன் ஏன் ஓடினான் என்று நூல்கள் பல காரணம் சொல்லுகின்றன. கட்டணம் கட்ட முடியாத வீட்டில், கொடுத்த உதவித்தொகையையும் இழந்துவிட்டு, தகப்பனார் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் பேருந்தில் வரும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் எஃப்.ஏ. சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டனர். கரும்பலகையில் பத்துப் பன்னிரண்டு படிகளில் ஆசிரியர் முடிக்கும் கணக்கை இவர் மூன்று நான்கு படிகளில் முடித்துவிடுவாராம். ஆனால் உடலியல் அவருக்கு ஒத்துவரவில்லை. தவளையை அறுத்துப் படிக்கும் படிப்பு. வைதிகக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு முறை செரிமான மண்டலம் பற்றிய தாளில் சில வரிகள் மட்டும் எழுதி, அந்தப் பாடம் தமக்குச் செரிக்கவில்லை என்று வேடிக்கையாக முடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்லுவார்கள். நடுவில் கடும் சீதபேதி வந்து ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. எழுதித் தோற்றார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார். அப்போது அவருக்கு வயது 20. என் வயதுதான்.

இந்த இடத்தில் சிலர், மேதைகளுக்குத் தேர்வு எதற்கு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தோல்வி அவரை ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். 1907 டிசம்பரிலிருந்து 1913 மே வரை ஐந்தரை ஆண்டுகள் அவருக்குப் பல்கலைக்கழகம் இல்லை. 32 ஆண்டே வாழ்ந்த ஒருவருக்கு ஐந்தரை ஆண்டு என்பது எவ்வளவு பெரிய பங்கு! எங்கள் உப்பளத்தில் ஒன்று உண்டு. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, நாள்கணக்கில் வெயிலில் காய்ச்சி, உப்பு பூக்கும் நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தால் போதும். அத்தனையும் கரைந்து பாத்தி வெறும் நீராகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் போன நாட்களின் கூலியை எந்த மழையும் திருப்பித் தருவதில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் வீட்டுத் திண்ணையில் கற்பலகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பார்த்தார். பாடத்திட்டத்தை விட்டு எங்கோ போய்விடுவதால் அதுவும் நிலைக்கவில்லை. 1909 ஜூலையில் ஜானகி என்னும் சிறுமியை மணம் செய்து வைத்தார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்தில் பணமில்லை, மருத்துவர் ஒருவர் கட்டணம் வாங்காமல் செய்து முடித்தார். பிறகுதான் நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

முதலில் வந்த இடம் நம் பக்கத்து ஊர். இது எத்தனை பேருக்குத் தெரியும்? 1910-இல் இராமானுஜன் விழுப்புரத்தில் இறங்கி வேறு ரயில் மாறித் திருக்கோயிலூருக்குப் போனார். அன்று அது தென்னாற்காடு மாவட்டம். மரக்காணமும் அதே மாவட்டம்தான். திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமஸ்வாமி அய்யர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவரே. வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனியொருவரால் வாங்க முடியாது. எனவே பலர் சந்தா கூடி வாங்கி, அஞ்சலில் சுற்றுக்கு விட்டுப் படிப்போம் என்பதுதான் அந்தக் கழகத்தின் தொடக்கம். இராமானுஜன் அவரிடம் கேட்டது மிகச் சிறியது: ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. இராமஸ்வாமி அய்யர் நோட்டுகளைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இவரை உட்கார வைத்தால் இந்தக் கணிதம் செத்துவிடும் என்று அஞ்சி, சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

வேலை கேட்டு வந்தவனுக்கு வேலை இல்லை என்று சொல்வது அன்றாடம் நடப்பது. அதைச் சொல்லிவிட்டுக் கடிதம் எழுத உட்காருகிறவர் குறைவு. இங்கிருந்து தொடங்குகிறது ஒரு கடிதச் சங்கிலி. இராமஸ்வாமி அய்யர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.வி. சேஷு அய்யரிடம் அனுப்பினார். சேஷு அய்யர் கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் நடத்தியவர். அவர் நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். இராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. ஒரு தரம் அல்ல, பல தரம் வரவழைத்துக் கேட்டார். எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இராமானுஜன் விளக்க விளக்கத்தான் ஐயம் நீங்கிற்று. என்ன வேண்டும் என்று கேட்டபோது, வயிற்றுப் பாட்டுக்கு வழி இருந்தால் ஆராய்ச்சி செய்வேன் என்ற அளவே இராமானுஜன் விரும்பினார். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார் இராமச்சந்திர ராவ். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னோலி எண்கள் பற்றிய இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறியது. எஃப்.ஏ. தேறாதவரின் பெயர் இப்போது அச்சில் இருந்தது. அடுத்து வந்தவற்றுக்கெல்லாம் இது ஒரு சான்றாக நின்றது.

பிறர் பணத்தில் நெடுநாள் உண்ண அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில் எஃப்.ஏ. வரை படித்ததையும், சில எதிர்பாராத இடையூறுகளால் மேலே தொடர முடியாமல் போனதையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண அய்யர் எம்.ஏ. படித்தவர், முன்பு கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரவுகளில் இருவரும் கற்பலகைகளோடு உட்கார்ந்துவிடுவார்கள். பல படிகளைத் தாண்டிக் குதிக்கிற இராமானுஜனை, பிறருக்கும் விளங்கும்படி விரித்து எழுதச் சொல்லி நச்சரித்தவர் நாராயண அய்யர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இவரைப் பற்றி ஓயாமல் சொன்னவரும் அவரே.

பொறியியல் கல்லூரியில் சிவில் பொறியியல் கற்பித்த கிரிஃபித் என்பவர் 1912-இன் இறுதியில் இராமானுஜனின் தாள்களை இலண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் சொன்ன விடை கலவையானது: கணிதத்தில் சுவையும் திறனும் இருக்கிறது, ஆனால் முடிவிலித் தொடர்களில் வழுக்கி விழும் இடங்களில் விழுந்திருக்கிறார், முறையான நூல் ஒன்றைப் படிக்கட்டும். காரின் புத்தகம் கொடுத்த பழக்கம் இங்கேதான் குறுக்கே நின்றது. நிறுவலைக் காட்டாமல் முடிவை மட்டும் காட்டினால், சரியானதும் தவறானதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரு பெரும் கணித அறிஞர்களுக்கு எழுதியதிலும் உதவி கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவின் கடிதத்தைப் பிரித்துப் படிக்க எல்லோருக்கும் நேரம் வாய்க்காது.

மூன்றாவது கடிதம் 1913 ஜனவரி 16-இல் ஜி.எச். ஹார்டிக்குப் போயிற்று. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டோடு சேர்ந்து ஓர் இரவு அந்தத் தாள்களை ஆராய்ந்தார். எழுதியவர் ஒரு பெரும் கணிதர் என்று முடிவு செய்தார். பிப்ரவரி 8-இல் பதில் எழுதினார். இந்த ஹார்டி, கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற டிரைப்பாஸ் தேர்வை வெறுத்தவர். அத்தேர்வில் முதலாமவர், இரண்டாமவர் என்று தர வரிசை வெளியிடும் பழைய வழக்கம் ஒழிய வேண்டும் என்று போராடியவர்களுள் ஒருவர். அந்த வரிசைப் பட்டியல் 1909-ஓடு நின்றது. தேர்வில் தோற்றவரின் கடிதம், தேர்வையே நம்பாதவர் மேசையில் போய் விழுந்தது! இதைத் தற்செயல் என்பதா என்னவென்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முதலில் கதவைத் திறந்தது கேம்பிரிட்ஜ் அன்று, சென்னைப் பல்கலைக்கழகம்தான். பலரும் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

1913 பிப்ரவரி 25-இல் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரியில் படித்த கணிதர். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்: இவருக்குச் சில ஆண்டுகளேனும் சோற்றுக் கவலையின்றிக் கணிதம் செய்ய வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மார்ச் 19-இல் கணிதப் பாடக்குழு கூடியது. குழுவைக் கூட்டியவர் பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ். துறைமுகத்து நாராயண அய்யரையும் அழைத்திருந்தார்கள். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை என்று குழு பரிந்துரைத்தது. குமாஸ்தாச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு.

பரிந்துரை சிண்டிகேட்டுக்குப் போனதும் தடை எழுந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே என்பது விதி. இராமானுஜனுக்கு முதுகலை மட்டுமா இல்லை? இளங்கலை இல்லை, இளங்கலைக்கு முந்திய எஃப்.ஏ.யும் இல்லை. தடை சொன்னவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. இன்று இவருக்குக் கொடுத்தால் நாளை பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்று எந்த அலுவலகமும் நினைக்கும். அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி பி.ஆர். சுந்தரமய்யர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்புரையை எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று அதில் இருந்தது. இவர் ஆராய்ச்சி செய்யக்கூடியவர் என்பதில் யாருக்காவது ஐயம் உண்டா? இல்லை. அப்படியானால் பட்டம் இல்லை என்பதற்காகச் சட்டத்தின் நோக்கத்தைக் கைவிடலாமா? அவ்வளவுதான் வாதம். 1913 ஏப்ரலில் உதவித்தொகை வழங்கப்பட்டது. மே 1 முதல் இராமானுஜன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். துறைமுகம் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்தது.

விதியை அவர்கள் உடைக்கவில்லை. விதிக்கு மேலே இருந்த சட்டத்தைப் படித்தார்கள். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அவ்வாறு மூன்று அறிக்கைகள் எழுதினார். தொகையீடுகளை மதிப்பிட அவர் கையாண்ட தலைமைத் தேற்றம் அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு எழுதினார்.

மாணவ நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, நமக்கும் ஒரு சுந்தரமய்யர் வருவார் என்று உட்கார்ந்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தின் மேசையில் நோட்டுகள் இருந்தன. அச்சான கட்டுரைகள் இருந்தன. ஹார்டியின் கடிதம், வாக்கரின் கடிதம் இருந்தன. மதிப்பெண் பட்டியல் சொல்லாததைச் சொல்ல வேறு தாள்கள் இருந்தன. இன்றைக்கும் சதவீதத்தைக் கேட்காமல் வாசலிலேயே நிறுத்தும் இடங்கள் குறைவுதான். ஆயினும் சென்னைத் தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் போன்றவை நுழைவுத் தேர்வு வைத்து, கணிதம் தெரிகிறதா என்று பார்த்து எடுக்கின்றன. சிறுசேரி, எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் கடற்கரைச் சாலைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. அந்தச் சாலையில் எத்தனையோ முறை உப்பு லாரி போகிறது. மூட்டைக் கணக்கு எழுதும் அண்ணனுக்கு அப்படி ஒரு கழகம் இருப்பதை அன்று சொல்ல ஆளில்லை. ஆசிரியப் பெருமக்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சொன்னால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இராமானுஜனிடம் திரும்புவோம். ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது கடல் கடக்கலாகாது என்ற குடும்ப ஆசாரம் தடுத்தது. 1914 ஜனவரியில் விரிவுரை நிகழ்த்தச் சென்னைக்கு வந்த இ.எச். நெவில் என்ற டிரினிடி கணிதர் பேசிப் பழகி அவர் மனத்தைத் திருப்பினார், தாயாரும் இசைந்தார். மறுபடியும் கடிதங்கள்: நெவில் எழுதினார், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் எழுதினார், ஸ்பிரிங் ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், பயணச் செலவும், உடைச் செலவும் பல்கலைக்கழகம் கொடுத்தது. அதில் ஒரு பகுதி கும்பகோணத்துக்குக் குடும்பச் செலவுக்குப் போகும்படி ஏற்பாடு. டிரினிடி கல்லூரி 60 பவுன் சேர்த்தது. 1914 மார்ச் 17-இல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். கேம்பிரிட்ஜிலும் சேர்க்கைக்கு முன்பட்டம் வேண்டும் என்ற விதி இருந்தது. அதை அவருக்காகத் தளர்த்தினார்கள்.

அங்கே ஹார்டிக்கு ஒரு சங்கடம். உலகில் வேறு யாருக்கும் தெரியாதவற்றை அறிந்த இவருக்கு, இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த சில பொருள்கள் தெரியாது. நிறுவல் என்றால் என்ன என்று கற்பிக்க வேண்டும். கற்பிக்கிறேன் என்று அவருடைய ஊற்றை அடைத்துவிடவும் கூடாது. ஹார்டி பொறுமையாக நடந்துகொண்டார். பேராசிரியர்களிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் அது.

1916 மார்ச்சில் இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கிடைத்தது, ஆராய்ச்சிக்காக. 28 வயதில் வாங்கிய முதல் பட்டம். பிஎச்.டி. பட்டம் கேம்பிரிட்ஜில் அதற்குப் பிறகுதான் ஏற்பட்டது. ஆய்வுப் பொருள் மிகைப் பகு எண்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என்ற ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் உடையதே மிகைப் பகு எண்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம் என்று முன்னோர் வைத்தது பங்கிட எளிதாக இருக்கிறது என்பதற்காகவே என்று கொள்ளலாம். இந்த எண்களின் அமைப்பு எப்படியெல்லாம் இருக்க வேண்டும் என்பதை இராமானுஜன் விரிவாக ஆராய்ந்தார்.

1918-இல் ஹார்டியோடு சேர்ந்து வெளியிட்ட பிரிவினைக் கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 3,972,999,029,388 விதமாக. மக்மாகன் என்பவர் படிப்படியாகக் கையால் கணக்கிட்டுக் கண்ட எண் அது. இராமானுஜன்–ஹார்டி வாய்பாடு அதே எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை விடுதியில் நண்பர்களிடம் சொன்னேன். ஒருவரும் இரவு பத்து மணி வரை விளக்கை அணைக்கவில்லை. 7-க்கு 15 விதம் வரை எழுதிப் பார்த்தோம்.

மறுபக்கம், போர்க்காலம், மரக்கறி கிடைப்பது அரிது, குளிர், தனிமை. 1917-இல் படுத்தவர் மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக இருந்தார். 1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது, இந்தியருள் இரண்டாமவர். அதே அக்டோபரில் டிரினிடியின் ஃபெல்லோ ஆனார், இந்தியருள் முதல்வர். காசநோய் என்றே அன்று கருதினார்கள். 1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், சீதபேதியாகத் தொடங்கி உடலில் பல்லாண்டு பதுங்கியிருந்து வருவது அதன் இயல்பு என்றும் எழுதினார். 1906-இல் பச்சையப்பனில் படிக்கும்போது வந்தது சீதபேதி. எஃப்.ஏ. படிப்பைக் குலைத்த அதே நோய்தான் உயிரையும் வாங்கிற்றா என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

1919-இல் ஊர் திரும்பினார். படுக்கையிலும் எழுதினார். ஜானகி அம்மாள் தாள்களை எடுத்துக் கொடுப்பார், எழுதியவற்றைப் பெட்டியில் சேர்ப்பார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அந்தத் தாள்கள் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டிக்குப் போய், நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976-இல் டிரினிடி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் கையில் அகப்பட்டன. ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

ஊர் திரும்புவதற்குச் சற்று முன், 1919 ஜனவரி 11-இல், இங்கிலாந்தில் நோயோடு இருந்தபோது இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு மேலும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்திருந்தது. அதில் 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை எதற்குச் செலவிட வேண்டும் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்: ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, அவர்களுக்குப் புத்தகம் வாங்கித் தர.